காரில்லாமல் ரிச்மண்டில் வீடு பிடிப்பது எப்படி?

வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் வேலையோ படிப்போ கிடைத்து, விசாவும் வந்துவிட்டதென்றால் அடுத்து எல்லாரும் செய்வது ஒன்றுதான். தெரிந்தவர் மூலம் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்து, "வீடு எங்கே பார்க்கலாம்?" என்று கேட்பது. ஐந்து நிமிடத்தில் பதில் வரும்: ஷார்ட் பம்ப், க்ளென் ஆலன் என்ற மேற்குப் புறநகர்கள். சொல்பவர்கள் மீது குற்றமில்லை. அத்தனை பேரும் கார் வைத்திருப்பவர்கள், அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் போய் விழுந்தேன். முதல் வீடு மேற்கே, ஹென்ரைகோ கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). நீச்சல் குளம், ஜிம் எல்லாம் உண்டு. மளிகைக் கடை ஜன்னலிலிருந்தே தெரியும். ஆனால் நடுவில் அகலமான சாலை. கடப்பதற்கான சிக்னல் வெகுதூரம் தள்ளி. அதுவரை நடக்கப் பிளாட்பாரம் கிடையாது, புல் சரிவில் இறங்கி ஏற வேண்டும். என் மனைவியிடம் அப்போது லைசென்ஸ் இல்லை. நான் ஆபீஸ் போனபின் அவள் அந்தக் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே பகலைக் கழித்தாள். பத்து மாதம் கழித்து ஊருக்குள் குடிவந்தோம். அந்தப் பத்து மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது யாருக்கு உதவும்? வி.சி.யூ. பல்கலைக்கழக மாணவர்களுக்கு, டவுன்டவுனிலோ மருத்துவக் கல்லூரி வளாகத்திலோ வேலை செய்பவர்களுக்கு, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு, ஆறு மாதம் அப்பா அம்மாவை அழைத்து வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு. உங்கள் அலுவலகம் வெஸ்ட் கிரீக் பக்கம், கூச்லாந்து கவுண்டியில் இருக்கிறதென்றால் பஸ்ஸை நம்பிப் போய்வர முடியாது. ஆனாலும் வீட்டுக்கு ஒரே கார் போதும் என்ற நிலைக்கு வர இதிலுள்ள பாதியாவது உதவும்.

முதலில் ஊர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விளம்பரத்தில் "ரிச்மண்ட், வர்ஜீனியா" என்று போட்டிருந்தால் வீடு ரிச்மண்டில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வர்ஜீனியாவில் நகரங்கள் எந்தக் கவுண்டிக்கும் உட்படாமல் தனியாக நிற்பவை. ரிச்மண்ட் நகரம் ஒரு நிர்வாகம், அதைச் சுற்றியுள்ள ஹென்ரைகோவும் செஸ்டர்ஃபீல்டும் வேறு வேறு நிர்வாகங்கள். தபால் முகவரிக்கு இந்த எல்லைகளைப் பற்றிக் கவலையில்லை. கவுண்டியின் கோடியில் இருக்கும் அடுக்ககத்துக்கும் ரிச்மண்ட் என்றே முகவரி எழுதலாம்.

ஆகவே முகவரியில் உள்ள ஜிப் கோடை, அதாவது ஐந்து இலக்கத் தபால் எண்ணைப் பாருங்கள். 23220 என்றால் ஃபேன் பகுதியும் அதை ஒட்டியதும். 23221 மியூசியம் டிஸ்ட்ரிக்ட், கேரிடவுன். 23219 டவுன்டவுன். 23230இல் ஸ்காட்ஸ் அடிஷன் வருகிறது, கொஞ்சம் ஹென்ரைகோவும் கலந்திருக்கும். 23223இல் சர்ச் ஹில், 23224இல் மான்செஸ்டர். இந்த இரண்டு எண்களுக்கும் உட்பட்ட பரப்பு பெரியது. ஒரே எண்ணுக்குள் நடக்கத் தகுந்த தெருவும் இருக்கும், நடக்கவே முடியாத நெடுஞ்சாலை ஓரமும் இருக்கும். 23233 வந்தால் அது ஹென்ரைகோவின் மேற்குக் கோடி, அங்கே கார் வேண்டும்.

வீட்டுக்கு முன் பஸ் தடம்

நம்மூரில் வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று முதலில் கேட்போம். இங்கே முதல் கேள்வி, எந்த பஸ், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று. அதற்குப் பதில் கிடைக்காத வீட்டின் படங்களைப் பார்க்கவே வேண்டாம்.

ரிச்மண்டின் முதுகெலும்பு பிராட் தெரு. அதன்மேல் 2018 ஜூன் 24 முதல் 'பல்ஸ்' என்ற விரைவுப் பஸ் ஓடுகிறது. மேற்கே வில்லோ லானிலிருந்து கிழக்கே ராக்கெட்ஸ் லேண்டிங் வரை 7.6 மைல், அதாவது ஏறக்குறைய 12 கிலோமீட்டர். நெரிசல் நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பது கணக்கு. தெருவின் ஒரு பகுதியில் நடுவே பஸ்ஸுக்கென்றே தனித் தடம் உண்டு, அங்கே நிறுத்தமும் தெரு நடுவிலேயே இருக்கும். எந்தத் திசைக்குப் போவதானாலும் பாதித் தெருவைக் கடந்தால் போதும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். அறுபத்தைந்து வயது அம்மாவோடு ஆறு வழிச் சாலையைக் கடந்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

பல்ஸ் தொடங்கிய அதே நாளில் நகரத்தின் மற்ற பஸ் தடங்களையும் மொத்தமாக மாற்றிப் போட்டார்கள். பஸ் நிர்வாகத்தின் பெயர் ஜி.ஆர்.டி.சி. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், டிக்கெட் வாங்குவதை நிறுத்தினார்கள். அதன்பின் மறுபடி வசூலிக்கத் தொடங்கவில்லை. ஏறி உட்கார வேண்டியதுதான். சில்லறை, பாஸ் எதுவும் வேண்டாம்.

இந்த ஊருக்கு இதில் ஒரு பழைய பெருமையும் உண்டு. ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் 1888இல் இங்கே ஓட்டிக் காட்டிய மின்சார டிராம்தான் உலகம் முழுக்க நகரங்கள் பின்பற்றிய முன்மாதிரி. நம் மெட்ராஸில் மின்சார டிராம் வந்தது 1895இல். ரிச்மண்டில் 1949இல் டிராமை நிறுத்தினார்கள், மெட்ராஸில் 1953இல். இரண்டு ஊருமே பிறகு அதை நினைத்து வருத்தப்பட்டிருக்கும். இதை வெறும் கதையாகச் சொல்லவில்லை. ரிச்மண்டில் இன்றும் நடந்து வாழத் தகுந்த பகுதிகள் பெரும்பாலும் டிராம் காலத்தில் எழுந்தவை. வீடுகள் நெருக்கமாக இருக்கும், எல்லாத் தெருவிலும் பிளாட்பாரம் இருக்கும், மூலையில் ஒரு கடை இருக்கும். வீடு கட்டிய ஆண்டு விளம்பரத்தில் இருந்தால் அதைப் பாருங்கள். 1930க்கு முந்தையது என்றால் பெரும்பாலும் நடக்கலாம்.

பல்ஸ் தவிர நீங்கள் மனதில் வைக்க வேண்டிய தடங்கள் இரண்டு. 5ஆம் எண் கேரிடவுனிலிருந்து கேரி, மெயின் தெருக்கள் வழியாக டவுன்டவுன் போகிறது, அடிக்கடி வரும் பஸ். 19ஆம் எண் வில்லோ லானில் தொடங்கி பிராட் தெருவிலேயே மேற்கே ஷார்ட் பம்ப் வரை போகிறது. இந்திய மளிகைக் கடைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் இருப்பதால் 19 நமக்கு வேண்டப்பட்ட பஸ்.

பல்ஸை இன்னும் மேற்கே நீட்டும் திட்டம் உண்டு, வடக்கு தெற்காக இன்னொரு தடம் போடும் திட்டமும் உண்டு. வீட்டுக்காரர்கள் அதைச் சொல்லி வாடகை கேட்பார்கள். வராத பஸ்ஸுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

எந்தப் பகுதி?

நூறு பகுதிகளைப் பட்டியலிடுவதில் பயனில்லை. என் கணக்கில் புதிதாக வருபவர்கள் பார்க்க வேண்டியவை நான்கைந்துதான்.

மியூசியம் டிஸ்ட்ரிக்டும் கேரிடவுனும்: எனக்குப் பிடித்தது, நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்ததும் இங்கேதான். வடக்கே பிராட் தெருவில் பல்ஸ், தெற்கே கேரி தெருவில் 5ஆம் எண் பஸ். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மைல்தான். அதாவது எந்த வீட்டிலிருந்தும் பத்துப் பதினைந்து நிமிட நடையில் ஏதோ ஒரு நல்ல பஸ். கேரிடவுனில் குரோகர், பப்ளிக்ஸ் என்று இரண்டு சூப்பர்மார்க்கெட். வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகம் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், பொது அனுமதி இலவசம். இந்தியச் சிற்பங்களும் உண்டு. என் அப்பா வந்திருந்த ஆறு மாதமும் காலை உணவு முடிந்ததும் அங்கே போய்விடுவார். ஆகஸ்ட் புழுக்கத்தில் ஏ.சி.யில் உட்கார்ந்து நடராஜரைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். யாரும் அவரைக் காரில் கொண்டுபோய் விட வேண்டியிருக்கவில்லை. பெற்றோரை அழைக்கப் போகிறவர்கள் வீடு பார்க்கும்போது இப்படி ஓர் இடம் நடைதூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பூங்காவோ நூலகமோ எதுவானாலும் சரி, உட்கார நாற்காலியும் கழிவறையும் இருக்க வேண்டும்.

ஃபேன்: இதற்குக் கிழக்கே, வி.சி.யூ. வரை விசிறி போல விரியும் தெருக்கள். பழைய செங்கல் வீடுகள், வாசலில் திண்ணை மாதிரி போர்ச். மாணவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. கல்லூரியை ஒட்டிய தெருக்களில் வெள்ளிக்கிழமை இரவு தூக்கம் வராது. மேற்கே போகப் போக அமைதி. கோடையில் மாணவர்கள் காலி செய்வதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிறைய வீடுகள் சந்தைக்கு வரும். அவற்றுக்கான விளம்பரம் வசந்த காலத்திலேயே தொடங்கிவிடும்.

ஸ்காட்ஸ் அடிஷன்: பழைய தொழிற்பேட்டை, இப்போது புத்தம் புது அடுக்ககங்களும் மதுக்கூடங்களும். பல்ஸ் வாசலிலேயே. ஆனால் சாப்பிடவும் குடிக்கவும் உள்ள இடங்களுக்கு வெங்காயம் வாங்கும் இடங்கள் ஈடாகாது. பல்ஸ் ஏறி ஆலிசன் தெரு நிறுத்தத்தில் இறங்கினால் ஹோல் ஃபுட்ஸ் சூப்பர்மார்க்கெட், விலை உங்கள் பாடு.

வில்லோ லான்: யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள், பார்க்கவும் அழகில்லை. பெரிய கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிய கடைத்தொகுதி. ஆனால் பல்ஸும் 19ஆம் எண்ணும் சந்திக்கும் இடம். கிழக்கே டவுன்டவுன், மேற்கே இந்தியக் கடைகள், எந்தப் பக்கம் போனாலும் நடுவில் பஸ் மாற வேண்டியதில்லை. குரோகர் அங்கேயே இருக்கிறது. எல்லைக்கோட்டைத் தாண்டி ஹென்ரைகோவில் இருப்பதால் பிள்ளைகளுக்கு ஹென்ரைகோ பள்ளிகள். நம்மவர்கள் க்ளென் ஆலனுக்கு ஓடுவதற்குப் பெரிய காரணம் பள்ளிதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பள்ளி முகவரியைப் பொறுத்தது. தெரு மாறினால் பள்ளி மாறலாம், கையெழுத்துப் போடுமுன் கவுண்டியின் இணையதளத்தில் அந்த வீட்டு எண்ணைக் கொடுத்தே பாருங்கள்.

சர்ச் ஹில் அழகு, மேடு. மான்செஸ்டர் ஆற்றுக்குத் தெற்கே, நடைபாலத்தில் டவுன்டவுனுக்கு வந்துவிடலாம். பாலம் இருக்கும் பக்கத்திலிருந்து விலக விலக நடை கடினமாகும்.

நம்மூரிலிருந்தபடியே செய்யும் சோதனை

வீடு கண்ணில் பட்டதும் கூகுள் மேப்பில் பஸ் வழியைப் போட்டுப் பார்ப்பீர்கள். எல்லாரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பார்க்கிறார்கள். நேரத்தை மாற்றி ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி என்று போடுங்கள். அப்போதுதான் அந்தத் தடத்தின் உண்மையான குணம் தெரியும். மணிக்கு ஒரு பஸ் என்று வந்தால், அந்த வீட்டில் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் சோபாவில்தான்.

அடுத்து ஸ்ட்ரீட் வியூ. வீட்டு வாசலில் இறங்கி, பஸ் நிறுத்தம் வரையும் மளிகைக் கடை வரையும் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி நடந்தே போங்கள். பிளாட்பாரம் இடையில் அறுபடுகிறதா? கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடும் நடப்பவர் சிக்னலும் உண்டா? நெடுஞ்சாலைக்கு மேலே பாலம் கடக்க வேண்டுமா? வீட்டு விளம்பரத்தில் 'வாக் ஸ்கோர்' என்று ஓர் எண் இருக்கும். பக்கத்தில் என்னென்ன கடை உண்டு என்பதை அது ஓரளவு சரியாகச் சொல்லும். உங்கள் காலுக்குக் கீழே புல்லா சிமெண்டா என்பது ஸ்ட்ரீட் வியூவில்தான் தெரியும்.

தூரத்தை மைலில் யோசிக்காதீர்கள். அரை மைல் என்றால் பத்து நிமிடம், கையில் பையோடு பன்னிரண்டு. மளிகைக் கடைக்கு அதற்குமேல் என்றால் முதல் மாதம் நடப்பீர்கள், மூன்றாம் மாதம் கார் விளம்பரம் பார்ப்பீர்கள்.

ஒரு பெயர்க் குழப்பம். பல்ஸில் 'ஸ்டேபிள்ஸ் மில்' என்று ஒரு நிறுத்தம் உண்டு. வாஷிங்டன் போகும் ஆம்டிராக் ரயிலுக்கும் 'ஸ்டேபிள்ஸ் மில்' என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. இரண்டும் ஒரே சாலையில், பல மைல் இடைவெளியில். "ரயில் ஸ்டேஷன் பக்கம்" என்று சொல்லும் வீட்டை நம்பிப் பெட்டியோடு பல்ஸில் போய் இறங்கிவிடாதீர்கள். பல்ஸில் போய் ரயில் ஏற வேண்டுமென்றால் டவுன்டவுனில் உள்ள மெயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். அங்கே நிற்கும் ரயில்கள் குறைவு.

வந்து இறங்கிய பிறகு

முடிந்தால் முதல் இரண்டு வாரத்துக்குத் தற்காலிகமாக எங்காவது தங்கிக்கொண்டு வீட்டை நேரில் பாருங்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு 'ஸெல்' (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் பணம் அனுப்பச் சொல்பவர் வீட்டுக்காரராகவே இருக்க மாட்டார். சந்தை விலையைவிட வாடகை குறைவு, ஓனர் வெளியூரில், சாவி தபாலில் வரும் என்ற மூன்றும் சேர்ந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பெரிய அடுக்ககங்கள் எல்லாம் இணையத்தில் இருக்கும். ஃபேனிலும் மியூசியம் டிஸ்ட்ரிக்டிலும் ஒன்றிரண்டு வீடு வைத்திருக்கும் சின்ன ஓனர்கள் போர்ச்சில் ஒரு பலகை மாட்டிவிட்டுச் சும்மா இருப்பார்கள். நடந்தால்தான் கண்ணில் படும். அப்படி நடக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் நாயோடு யாராவது நடக்கிறார்களா? இருந்தால் நீங்களும் நடக்கலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது இங்கே கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு, இருக்காது. வாடகையைப் போல மூன்று மடங்கு மாதச் சம்பளம் கேட்பது இங்கே வழக்கம். வேலை நியமனக் கடிதம், வங்கி இருப்பு, முந்தைய ஓனரின் கடிதம் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பெரிய நிறுவனத்தின் கணினி மறுக்கும் இடத்தில் சின்ன ஓனர் சம்மதிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். வர்ஜீனியாவில் விண்ணப்பக் கட்டணம் 50 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது, பின்னணிச் சோதனைக்கு வெளியாருக்குக் கொடுக்கும் செலவு தனி. அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இது சொர்க்கம். காலி செய்தபின் 45 நாளுக்குள் பிடித்தம் போக மீதியைக் கணக்கோடு தர வேண்டும். குடியேறியதும் 5 நாளுக்குள் வீட்டில் என்னென்ன சேதம் உண்டு என்ற எழுத்து அறிக்கை வர வேண்டும், அதில் விட்டுப்போனதை எழுத்தில் சொல்ல உங்களுக்கு 5 நாள். சுவரின் கீறலைக்கூடப் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முதல் வீட்டில் நான் இதைச் செய்யவில்லை, நான் கிழிக்காத கம்பளத்துக்குப் பணம் கொடுத்தேன்.

ஒரு வார்த்தை: இங்கே 'லீஸ்' என்றால் வெறும் வாடகை ஒப்பந்தம். நம்மூர் போல மொத்தத் தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது என்று நினைத்து நண்பர் ஒருவர் ஓனரிடம் பேரம் பேசி, இருவரும் அரை மணி நேரம் திருதிருவென்று விழித்தார்கள்.

ஊருக்குள் வாடகை மேற்குப் புறநகரைவிடக் கூடுதலாகத் தெரியும். அந்த மேற்கு வீட்டின் வாடகையோடு கார் தவணை, புது ஓட்டுநருக்கான இன்ஷூரன்ஸ், பெட்ரோல் மூன்றையும் கூட்டியபின் ஒப்பிடுங்கள்.

பழைய வீட்டில் பார்க்க வேண்டியவை

நடக்கத் தகுந்த பகுதியென்றால் பழைய வீடு, பழைய வீடென்றால் சில தொல்லைகள். 1978க்கு முன் கட்டியதென்றால் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். தெரிந்ததை ஓனர் எழுத்தில் சொல்லி, அதற்கான கையேட்டையும் தர வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். தவழும் குழந்தை இருந்தால் ஜன்னல் விளிம்பில் பெயின்ட் உரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குளிர்கால கேஸ், கரண்ட் பில் எவ்வளவு வந்தது என்று முன்பு இருந்தவரிடமோ ஓனரிடமோ கேளுங்கள். உயரமான கூரையும் பழைய ஜன்னலும் ஜனவரியில் உங்கள் பணத்தைத் தின்னும். கோடைக்கு ஏ.சி. முழு வீட்டுக்குமா, ஜன்னலில் மாட்டும் பெட்டியா? துணி துவைக்கும் இயந்திரம் வீட்டுக்குள்ளா, நிலவறையிலா, அடுத்த தெருவிலா?

அடுப்புக்கு மேலே உள்ள விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல வீடுகளில் அது புகையை வாங்கி உங்கள் முகத்திலேயே திருப்பி ஊதும். வந்த முதல் வாரம் வற்றல் மிளகாய் தாளித்ததும் புகை அலாரம் அலறி, மேல்மாடிக்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். அதன்பின் தாளிக்கும்போது சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவோம். ஆகவே சமையலறையில் திறக்கக்கூடிய ஜன்னல் இருக்கிறதா என்பதும் பட்டியலில் சேரட்டும். பெயின்ட் அடித்து அடித்து ஒட்டிப்போன ஜன்னல்கள் இங்கே ஏராளம். ஓனர் முன்னாலேயே தூக்கிப் பாருங்கள்.

எல்லாம் அமைந்தாலும் சிலவற்றுக்குக் கார் வேண்டும். க்ளென் ஆலனில் உள்ள கோயிலுக்கு யாராவது நண்பரோடு சேர்ந்துகொள்ளுங்கள், திரும்பும்போது கேரிடவுனில் காபி வாங்கிக் கொடுங்கள். மலைப்பக்கம் போக வாரக்கடைசிக்கு வாடகைக் கார். இருபது பவுண்டு அரிசி மூட்டைக்கு மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள்: இரண்டு சக்கரம் வைத்த மடிக்கும் தள்ளுவண்டி ஒன்று வாங்குங்கள். 19ஆம் எண் பஸ்ஸில் அது தாராளமாக ஏறும், வில்லோ லானில் பல்ஸுக்கு மாறும்போது நடைமேடையும் பஸ் தரையும் ஒரே மட்டம், தூக்க வேண்டியதே இல்லை.